டேக்கிளுக்கு முந்தைய ஐந்து கெஜம்

ஆகஸ்ட் பிறக்கும்போது அமெரிக்கக் கல்லூரி கால்பந்து அணிகளின் முகாம்கள் சூடுபிடித்திருக்கும். (நம் ஊரில் கால்பந்து என்றால் வேறு ஆட்டம். இங்கே பேசுவது, ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.) முதல் ஆட்டத்துக்கு இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கும். அதற்குள் ரசிகர்களிடம் வழக்கமான வாக்குவாதம் கிளம்பிவிடும். நம் டிஃபென்ஸ் (தடுப்பு வரிசை) இந்த வருஷமாவது ஒழுங்காக டேக்கிள் செய்யுமா, அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து விழுத்துமா? புதிதாக வந்திருக்கும் சேஃப்டி (கடைசி அரணாகப் பின்னால் நிற்கும் ஆள்) எதிராளியைச் சாய்ப்பானா, கோட்டைவிடுவானா? "ஸ்கிரிமேஜில் அந்த லைன்பேக்கர் போட்ட போடு கேலரி வரைக்கும் கேட்டது" என்பார் ஒருவர். "அதே ஸ்கிரிமேஜில் ரன்னிங் பேக் அறுபது கெஜம் ஓடினானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று இன்னொருவர் மடக்குவார். (ஸ்கிரிமேஜ் என்பது அணி தனக்குள்ளேயே ஆடிப்பார்க்கும் பயிற்சி ஆட்டம். லைன்பேக்கர் தடுப்பின் நடுவரிசை ஆள், ரன்னிங் பேக் பந்தை வாங்கி ஓடுகிறவர்.)

இருவருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். மோதும் நொடிதான் கண்ணில் படுகிறது, காதில் விழுகிறது. ஆனால் டேக்கிள் நடக்குமா நடக்காதா என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஐந்து கெஜத்திலேயே முடிவாகிவிடுகிறது. எந்தக் கோணத்தில் வந்தான், எப்போது வேகத்தைக் குறைத்தான், கடைசியாக எந்தக் காலை ஊன்றினான் என்ற மூன்றும் சரியாக இருந்தால் சாதாரணத் தோள் வலு உள்ளவனும் ஆளை விழுத்திவிடுவான். மூன்றும் தவறினால் நூற்றுப்பத்து கிலோ லைன்பேக்கரும் காற்றைக் கட்டிப்பிடிக்க வேண்டியதுதான்.

மைதானத்தின் அளவிலிருந்து தொடங்கலாம். அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில், பந்து வைக்கப்படும் இடத்துக்கு எல்லை போடும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி இடைவெளி. தொழில்முறை ஆட்டத்தில் அது 18 அடி 6 அங்குலம்தான், அதனால் அங்கே பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவிலிருந்தே புறப்படும். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கத்தைத்தான் பயிற்சியாளர்கள் 'ஃபீல்ட்' என்கிறார்கள். குறுகிய பக்கம் 'பவுண்டரி'. அகலப் பக்கத்தில் ஒரு சின்ன பபிள் ஸ்கிரீனை (பக்கவாட்டில் நிற்பவருக்குப் போடும் குட்டிப் பாஸ்) வீசினால் போதும், ஒரு நிக்கல் பேக்கோ (பின்வரிசையின் ஐந்தாவது ஆள்) சேஃப்டியோ முப்பது கெஜ அகல வெளியில் தனியாக ஓர் ஓட்டக்காரரைச் சந்தித்தாக வேண்டும். குறுகிய பக்கத்தில் ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக்குக்கு எல்லைக்கோடே ஒரு கூட்டாளி. இரண்டு பேரின் டேக்கிள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவன் மேல், அவன் மட்டம் என்று சொல்வது நியாயமே இல்லை.

வேகமான ஓட்டக்காரர் முழு ஓட்டத்தில் நொடிக்குப் பத்து கெஜம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பாட்டக்காரர் முடிவெடுக்க 0.3 நொடி தாமதித்தால் மூன்று கெஜம் போய்விட்டது. ஓட்டக்காரர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி ஓடினால், போய்ச் சேரும்போது அங்கே அவருடைய முதுகுதான் தெரியும். போகப் போகும் இடத்தை நோக்கி ரொம்பவும் முன்கூட்டியே ஓடினால், அவர் ஒரு காலை ஊன்றி உள்ளே வெட்டித் திரும்பிவிடுவார். இதற்கான வேலை விதி எளியது: ஓட்டக்காரரின் அருகிலுள்ள இடுப்பைப் பார், அந்த இடுப்புக்கு அரை உடல் பின்னால், உள்பக்கமாகவே இரு. உள்ளே திரும்பும் வழி அடைபட்டிருக்கும். அவருக்கு மிஞ்சுவது எல்லைக்கோடு பக்கம் மட்டும். இதை 'நியர் ஹிப்' தொடர்தல் என்பார்கள். முகாமின் முதல் நாளே, ஹெல்மெட் மட்டும் அணிந்திருக்கும்போதே, ஒரு மோதலும் இல்லாமல் இதைப் பழகலாம், பழகவும் வேண்டும்.

பழகும் முறை இப்படி. ஐந்து கெஜ இடைவெளியில் இருவர். ஓட்டக்காரர் முக்கால் வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவார், ஒரே ஒரு முறை திசை மாற்றலாம். தடுப்பாட்டக்காரர் நெருங்கி, இரண்டு கைகளாலும் அருகிலுள்ள இடுப்பைத் தொட வேண்டும். ஒற்றைக் கையால் தொட்டால் கணக்கில் இல்லை, ஏனென்றால் ஒற்றைக் கை எட்டுகிறது என்றால் கால் எட்டவில்லை என்று அர்த்தம். பயிற்சியாளர் கையைப் பார்க்கவே கூடாது. கடைசி மூன்று அடிகளை மட்டும் பார்க்க வேண்டும். பெரிய அடிகள் சின்ன அடிகளாக மாறுகின்றனவா? பாதங்களுக்கு நடுவே தோள் அகலம் இருக்கிறதா? நெருங்கும்போது ஓட்டம் முழுவதும் நின்றுவிடுகிறதா?

இந்த நின்றுபோவதுதான் முகாமில் மிக அதிகமாகக் காணும் பிழை. பல வருஷமாக "பிரேக் டவுன்" என்று கத்திக் கத்தியே இதை வளர்த்துவிட்டார்கள். பையன் ஓட்டக்காரருக்கு நான்கு கெஜம் முன்னாலேயே நின்று, முழங்காலை மடக்கி, கைகளை விரித்துக் காத்திருப்பான். பார்க்க அழகாக இருக்கும். நின்ற காலுக்கு மறுபடி வேகம் பிடிக்க நேரம் வேண்டும். எதிரே வருபவருக்கோ இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது. அப்புறம் அவன் செய்யக்கூடியது பாய்வது ஒன்றே. பாய்ந்தால் கண் தரையைப் பார்க்கும், கை மட்டும் போகும், தோள் போகாது. ரசிகர் கண்ணுக்கு அது 'கை டேக்கிள், சோம்பேறி' என்று படும். பிழை கையில் இல்லை. அது நான்கு கெஜத்துக்கு முன்பே காலில் நடந்துவிட்டது.

அந்தக் கடைசி அடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வலது தோளால் மோதப் போகிறீர்கள் என்றால் வலது காலும் முன்னால் ஊன்றியிருக்க வேண்டும். அந்தப் பாதம் ஓட்டக்காரரின் பாதத்துக்கு ஒரு சாண், இரண்டு சாண் தொலைவுக்குள் விழ வேண்டும். அப்போதுதான் தரையிலிருந்து கிளம்பும் வலு முழங்கால், இடுப்பு வழியாக அதே பக்கத் தோளுக்கு நேராக ஏறும். இடது காலை ஊன்றி வலது தோளால் இடித்தால் இடுப்பு திருகிக்கொள்ளும். வலு பாதியில் சிதறும். பாதம் எட்டத்தில் விழுந்தால் உடல் முன்னால் சாய்ந்து நீண்டுவிடும், ஓட்டக்காரர் கையால் தலையை ஒரு தள்ளு தள்ளினாலே முகம் மண்ணில். கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. போனஸ் கோட்டுக்கு ரெய்டர் கால் நீட்டும் வரை பொறுத்திருந்து கணுக்காலைக் கவ்வும் கார்னர் ஆட்டக்காரர் படிப்பதும் இதே கால்வைப்பைத்தான்.

கால் வந்து சேர்ந்த பிறகு தலை எந்தப் பக்கம் என்ற கேள்வி வருகிறது. இதில் பயிற்சியாளர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. பழைய பாடம், தலையை ஓட்டக்காரரின் முன்பக்கமாகக் கொண்டுபோய் வழியை மறி என்பது. ரக்பியிலிருந்து வந்த பாடம், தலையைப் பின்பக்கம் வை, கன்னம் அவருடைய பின்தொடையோடு ஒட்டியிருக்கட்டும், தோளால் தொடையை இடி, இரண்டு கையாலும் சுற்றி இறுக்கு, காலை ஓட்டிக்கொண்டே இரு என்பது. 2014 பிப்ரவரியில் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற சியாட்டில் சீஹாக்ஸ் பயிற்சியாளர் பீட் கரோல், அதே ஆண்டு இந்த முறையைக் கற்பிக்கும் காணொளியை எல்லோருக்குமாக வெளியிட்டார். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அதே 2014இல் டிஃபென்ஸைச் சீரமைக்க கிறிஸ் ஆஷை அழைத்து வந்தது. அவர் ரக்பி முறையைக் கற்பித்தார். முந்தைய பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு 34 புள்ளி, கிளெம்சனுக்கு 40 புள்ளி கொடுத்துத் தோற்றிருந்த அணி அது. 2015 ஜனவரியில் ஆரிகனை 42-20 என்று வீழ்த்தித் தேசியக் கோப்பையை எடுத்தது. கோப்பைக்கு டேக்கிள் முறை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆட்டக்காரர்களும் அசாத்தியமானவர்கள். ஆனால் நாடு முழுக்கப் பயிற்சியாளர்கள் இந்த முறையைத் திரும்பிப் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

எதிர்வாதத்திலும் சாரம் இருக்கிறது. ரக்பியில் ஓட்டக்காரர் ஒரு கெஜம் முன்னால் விழுந்தால் ஆட்டம் மாறிவிடாது. இங்கே மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) ஒரு கெஜம் வேண்டுமென்றால் அந்த ஒரு கெஜம்தான் எல்லாமே. தலை பின்னால், தோள் தொடையில் என்று பிடித்தால் ஓட்டக்காரர் விழுவார், முன்னால் விழுவார், ஃபர்ஸ்ட் டவுன், அதாவது புதிதாக நான்கு வாய்ப்பு, வாங்கிவிடுவார். கோல் லைனிலும் அப்படியே. ஆகவே குறுகிய தூரத்தில் நெஞ்சுக்கு நெஞ்சு எதிர்கொண்டு பின்னுக்குத் தள்ளும் முறையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே முறையை எல்லா இடத்துக்கும் பூசுகிற அணி நவம்பரில் தவிக்கும்.

தலையைப் பற்றி இன்னொரு விஷயத்தில் மட்டும் வாதத்துக்கு இடமே இல்லை. தலையைக் குனிந்து உச்சியால் இடிக்கக் கூடாது. கழுத்து நிமிர்ந்திருக்கும்போது அதன் எலும்புகள் இயல்பான வளைவில் இருக்கும். அடி விழுந்தால் தசையும் வட்டுகளும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஏறக்குறைய 30 பாகை குனிந்தால் வளைவு மறைந்து கழுத்து ஒரு நேரான தூணாகிவிடும். உச்சியில் விழும் அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். உச்சியால் இடிப்பதைப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976இல் தடை செய்தார்கள். அந்த ஆண்டில் கை கால் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984இல் 5 பேர். விதியும் கற்பிக்கும் முறையும் மாறியதுதான் இதற்கு முக்கியக் காரணம். 2010 அக்டோபர் 16 அன்று ரட்கர்ஸ் அணியின் எரிக் லெக்ராண்ட், ஆர்மி அணிக்கு எதிரான கிக்ஆஃபில் டேக்கிள் செய்யப்போய்க் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். விழுத்தப் போனவருக்குத்தான் காயம். இதைச் சொல்லாமல் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு டேக்கிள் கற்பிக்கக் கூடாது. விதிப்புத்தகமும் இப்போது கடுமை: 2008இல் 15 கெஜத் தண்டனையாக வந்த, தலையைக் குறிவைத்தோ உச்சியாலோ இடிப்பதற்கு எதிரான டார்கெட்டிங் விதி, 2013 முதல் ஆளையே வெளியேற்றுகிறது. இரண்டாம் பாதியில் மாட்டினால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் போச்சு என்றுதான் 2013இல் அது வந்தது.

இனி, முகாமில் உண்மையான மோதல் எவ்வளவு நடக்கிறது என்று பார்க்கலாம். ரசிகர் வாதங்களில் பாதி இதைத் தெரிந்துகொள்ளாததால் வருவதுதான்.

பயிற்சி மோதலை ஐந்து படிகளாகப் பிரிப்பது வழக்கம். 'ஏர்' என்றால் எதிரே ஆளே இல்லாமல் அசைவு மட்டும். 'பேக்' என்றால் மெத்தைப்பையில் இடிப்பது. 'கன்ட்ரோல்' என்றால் மெதுவான, முன்கூட்டியே யார் வெல்வது என்று தீர்மானித்த மோதல். 'தட்' என்றால் முழு வேகத்தில் வந்து தோளால் மோதிச் சுற்றிப் பிடித்து, ஆனால் இருவருமே விழாமல் நின்றுவிடுவது. 'லைவ்' என்றால் தரையில் சாய்க்கும்வரை. முகாமில் பார்வையாளர் காண்பதில் பெரும்பங்கு தட். தட் பயிற்சியில் விசில் ஊதியவுடன் ஓட்டம் நின்றுவிடும். அந்த இடத்தில் உண்மையில் ஆள் விழுந்திருப்பாரா, பிய்த்துக்கொண்டு போயிருப்பாரா என்பது பயிற்சியாளரின் ஊகம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் தொடவே கூடாது. முதன்மை ரன்னிங் பேக்கை ஸ்கிரிமேஜில்கூடச் சில முறைக்கு மேல் விழவிட மாட்டார்கள். எனவே ஸ்கிரிமேஜில் கோட்டைவிட்ட டேக்கிள் அத்தனையும் முதன்மை ஆட்டக்காரர்களின் குறை என்றோ, 'இன்று ஒரு டேக்கிளும் தவறவில்லை' என்பது பெருமை என்றோ எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

2021 முதல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. இதை இன்னும் இறுக்கிவிட்டது. முதல் ஏழு நாள் உடல் பழகுவதற்கு: ஆரம்பத்தில் ஹெல்மெட் மட்டும், பிறகு மெல்லிய தோள் கவசம் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முழுக் கவசப் பயிற்சிகள் ஒன்பதுக்கு மேல் கூடாது. ஒரு பயிற்சிக்குள் முழு மோதல் 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. ஒரே நாளில் இரண்டு பயிற்சி என்ற பழைய வழக்கம் 2017இலேயே போய்விட்டது. ஒக்லஹோமா டிரில், புல் இன் த ரிங் போன்ற நேருக்கு நேர் முட்டும் பயிற்சிகளும் இப்போது இல்லை. ஒக்லஹோமா டிரிலில் இரண்டு மெத்தைப்பைகளுக்கு நடுவே குறுகிய சந்து, ஓட்டக்காரருக்கு வழிவிட எதிராளியைத் தள்ளும் ஒரு பிளாக்கர், ஒரு தடுப்பாட்டக்காரர், பின்னால் ஒரு ஓட்டக்காரர். ஆண்மைப் பரீட்சை என்று ஊரே சுற்றி நின்று கத்தும். ஆட்டத்தில் அப்படி ஒரு சந்து அரிதாகத்தான் கிடைக்கும். கோணம் படிக்கவும் வேகம் குறைக்கவும் அது ஒன்றும் கற்றுத் தரவில்லை. அது போனதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

இந்த இறுக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டமான டிவிஷன் 1இல் ஆறு அணிகளின் 658 ஆட்டக்காரர்களை 2015 முதல் 2019 வரை ஹெல்மெட் சென்சார் வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். மூளை அதிர்ச்சிக் காயங்களில் 72 சதவீதம் ஆட்டத்தில் ஏற்படவில்லை, பயிற்சியில் ஏற்பட்டது. பருவத்தில் முகாமின் பங்கு 20.8 சதவீதம்தான், காயங்களில் அதன் பங்கு 48.5 சதவீதம். சனிக்கிழமை ஆட்டத்துக்காகப் பாதுகாத்துவைக்க வேண்டிய தலைகளை ஆகஸ்டிலேயே சொந்த அணியினர் செலவழித்துவிடுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மோதல் குறைந்தால் டேக்கிள் கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு டார்ட்மத் கல்லூரி ஒரு பதில். அங்கே பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ், பயிற்சியில் தன் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதை 2010இல் அடியோடு நிறுத்தினார். மெத்தைப்பைகள், பாய்கள், பிறகு அந்தக் கல்லூரியின் பொறியியல் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய, ரிமோட்டில் ஓடித் திரும்பும் பொம்மை ஆள் என்று எல்லாமே உயிரில்லாத இலக்குகள். அணி 2015, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில், ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு அணிகள் ஆடும் ஐவி லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2016இல் ஐவி லீக் பயிற்சியாளர்கள் எல்லோருமே பருவகாலப் பயிற்சிகளில் முழு டேக்கிளை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். டீவன்ஸ் 2023இல் காலமானார்; அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்னும் பெரிய அணிகளைக் குடைந்துகொண்டிருக்கிறது. மறுபக்கம், 1954இல் டெக்சஸின் ஜங்ஷன் ஊரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் பத்து நாள் நடத்திய கொடும் முகாமைக் காவியம்போல் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஆண்டு அந்த அணி வென்றது ஒரே ஒரு ஆட்டம், தோற்றது ஒன்பது.

லைவ் முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விழும்போது கைகளை எங்கே வைப்பது, திமிறுகிறவரை எத்தனை நொடி இறுக்கிப் பிடித்திருப்பது என்பதைப் பொம்மை கற்றுத் தராது. இரண்டு ஸ்கிரிமேஜும், இடையில் பத்துப் பன்னிரண்டு நிமிடச் சிறு லைவ் பகுதிகளும் போதும். மீதியெல்லாம் அன்றாட டேக்கிள் சுற்றில் முடியும்: பன்னிரண்டு நிமிடம், நான்கு இடம், ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு மூன்று முறை.

அந்தச் சுற்றிலும் கெட்டுப்போக வழிகள் உண்டு. உருட்டிவிடும் நுரை வளையம் நல்ல கருவி. தொடை உயரத்தில் இருக்கும், உருண்டுகொண்டே இருப்பதால் கோணம் பிடித்தாக வேண்டும், வெறும் கையால் பிடித்தால் நழுவிவிடும். ஆனால் உருட்டுகிறவர் சோம்பலாக நேராக, மெதுவாக உருட்டினால் பையன்கள் எட்டத்திலிருந்தே அதன்மேல் பாயப் பழகிவிடுவார்கள். தடித்த மெத்தை இன்னும் மோசம். விழுவது சுகமாக இருப்பதால் கால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடும். மெத்தைக்கு முன்னால் ஒரு கோடு போட்டு, மோதும் நொடியில் இரண்டு பாதமும் கோட்டைத் தாண்டித் தரையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் இது சரியாகும். பந்தைத் தட்டிப் பறிக்கும் வெறியும் முகாமில் தலைதூக்கும். முதலில் போய்ச் சேர்பவன் பிடிக்க வேண்டும், இரண்டாமவன்தான் பறிக்க வேண்டும். முதல் ஆளே பந்தைக் குத்தப் போனால் பல நேரம் பந்தும் வராது, ஆளும் நிற்க மாட்டார்.

கணக்கெடுப்புக்கு வருவோம். அதிகாரபூர்வ ஆட்டக் குறிப்பில் தனி டேக்கிளும் கூட்டு டேக்கிளும் இருக்கும். தவறவிட்டதற்கு இடமே இல்லை. சேஃப்டி ஒருவர் பருவம் முழுக்க நூறு டேக்கிள் செய்தார் என்றால் பெரும்பாலும் முன்வரிசை ஒழுகுகிறது என்று பொருள். தவறியதை எண்ணுகிறவர்களும், கை பட்டு நழுவியதைத்தான் எண்ணுவார்கள். இதில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. கடுமையாக ஓடிவந்து விரல் நுனியால் தொட்டவன் கணக்கில் ஒரு குறை ஏறும். கோணம் தப்பி, தொடவே முடியாத இடத்தில் போய் நின்றவன் பேரில் ஒன்றும் ஏறாது. இரண்டு பத்தி வைத்து எழுதுவதுதான் சரி: தொட்டுத் தவறியது, தொடாமலே தவறியது. பக்கத்தில் காரணம்: கோணம், நின்ற கால், பாய்ச்சல், தலை தவறான பக்கம், பந்தைக் குத்தியது. அதற்கும் பக்கத்தில், தவறிய பிறகு எத்தனை கெஜம் போனது. முன்வரிசைக்காரர்களுக்குத் தனித் தாள் வேண்டும், அவர்கள் ஒரு பிளாக்கரை உதறிக்கொண்டே ஒற்றைத் தோளால் டேக்கிள் செய்கிறவர்கள்.

எண்ணிக்கை சிறியது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு ஸ்கிரிமேஜிலுமாக ஒரு பாதுகாப்பு வரிசைக்காரருக்கு எட்டு வாய்ப்பு வந்தது என்று வையுங்கள். ஒன்று தவறினால் 12.5 சதவீதம், இரண்டு தவறினால் 25 சதவீதம். ஒரே ஒரு வழுக்கல் ஒருவனை 'நம்பகமானவன்' பட்டியலிலிருந்து 'ஓட்டை' பட்டியலுக்குத் தள்ளிவிடுகிறது. ஆகஸ்டில் சதவீதத்தை வைத்துச் சண்டை போடுவது வீண் வேலை. காரணப் பத்தியில் ஒரே சொல் மூன்று முறை வந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பயன் உண்டு. 'கோணம்' மூன்று முறை வந்தவனை இரண்டு வாரத்தில் திருத்தலாம். 'தலை' இரண்டு முறை வந்தாலே அவனை லைவ் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பையில் தொடங்க வேண்டும்.

முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பந்து ஒரு ஹாஷில் இருந்து, எதிரணி அகலப் பக்கத்துக்கு ஸ்கிரீன் வீசினால் முதலில் வரும் தடுப்பாட்டக்காரரை ஒரு முறை விட்டுவிடுங்கள். அவருக்கு உள்பக்கமாக ஓடிவரும் இரண்டாவது, மூன்றாவது ஆளைப் பாருங்கள். முதல் ஆள் தவறவிட்டும் ஓட்டக்காரர் நான்கு கெஜத்தில் விழுந்தால், அந்த இருவரும் ஆகஸ்ட் முழுக்கச் சரியான கோணத்தில் ஓடியிருக்கிறார்கள்.